ஏரோதின் அங்கி

உபாத்தியாயர் உத்தியோகத்தில் பாடம் நடத்துவது ஒரு பகுதிதான் என்பது நேயர்கள் அறிந்த விஷயம். வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பதும் ஜனத்தொகைக் கணக்கெடுப்பதும் எல்லோருக்கும் பொது. நமக்கு மட்டும் இவற்றோடு இன்னொன்று உண்டு. தாம்பரத்துக்கு அருகிலுள்ள நம் பள்ளிக்கூடத்தில், கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு முன் ஆண்டுதோறும் நடக்கும் நாடகம் நம் தலையில்தான் விடியும். கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாடகத்தில் வாயிற்காவலனாக இரண்டு நிமிஷம் நின்றிருக்கிறோம் என்று தலைமையாசிரியரிடம் ஒரு நாள் பெருமையாகச் சொல்லிவிட்டோம். அன்று செய்த பிழைக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தண்டனை அநுபவித்து வருகிறோம்.

சென்ற நாடகத்தின்போது தேவதூதர்களுக்கு வெள்ளை வேஷ்டிகள் கிடைத்துவிட்டன. மூன்று ராஜாக்களுக்கு நம் இல்லத்தரசியின் பட்டுப் புடவைகள் இரண்டும் பக்கத்து வீட்டு அம்மாளின் புடவை ஒன்றும் உதவின. ஏரோது மன்னனுக்குத்தான் உடை இல்லை. பாலன் இயேசுவைக் கொல்லத் தேடிய கொடுங்கோலன் அல்லவா? புடவையைச் சுற்றிக்கொண்டு வந்தால் சபை சிரித்துவிடும். என்ன செய்வது என்று தெரியாமல், நமது பங்குக் கோயிலின் கோயில்பிள்ளையிடம் குறையைச் சொன்னோம். அவர் பூசை உடுப்பு அறைக்குள் போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சிவப்புப் பட்டு அங்கியை எடுத்து வந்தார். பொன்னிறச் சரிகையால் முதுகில் ஒரு சிலுவை. ஓரங்களில் பூச்சி அரித்த துளைகள். சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது.

“எடுத்துக்கொள்ளுங்கள் சார். இங்கே கிடந்தால் எலிதான் தின்னப் போகிறது” என்றார்.

முதுகுச் சிலுவையை ஒரு கறுப்புத் துணியால் மறைத்து ஊசி குத்தினோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அதை அணிந்துகொண்டு மேடையில் கர்ஜித்தான். பெத்லகேமின் பச்சைக் குழந்தைகளையெல்லாம் வெட்டும்படி அவன் கட்டளையிட்டபோது முன்வரிசையில் இருந்த சிறுவர்கள் நிஜமாகவே அழுதார்கள். நாடகம் பிரமாத வெற்றி என்று எல்லோரும் கைகொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்த பின் ஓர் அம்மாள் நம்மிடம் வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். முடிச்சூர்ப் பக்கம் வீடு. ஆட்டுக்குட்டியாக வேஷம் போட்ட பேரனை அழைத்துப் போக வந்திருந்தார்.

“தம்பி, அந்தச் சிவப்பு உடுப்பை நான் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேட்டார்.

கொடுத்தோம். அவர் அதை மடிமீது விரித்து, உட்பக்கத்தைத் திருப்பி, இடது தோள் ஓரத்தில் உள்ளங்கை அளவு இருந்த ஓர் ஒட்டைத் தடவிப் பார்த்தார்.

“இது நான் போட்ட ஒட்டு. கடையில் வாங்கிய நூல் நிறம் சேரவில்லை. என் கல்யாணப் புடவையின் முந்தானையிலிருந்து நூல் பிரித்துத் தைத்தேன்” என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே நமக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: “இதை மாசில்லாக் குழந்தைகள் திருநாளுக்குச் சாமியார் போட்டுக்கொள்வார், தம்பி.”

கிறிஸ்தவரல்லாத நேயர்களுக்கு இதன் பொருளைச் சற்று விளக்க வேண்டும். கத்தோலிக்கக் குருவானவர் பூசை செய்யும்போது எல்லாவற்றுக்கும் மேலாக அணியும் அங்கிக்குக் காலத்துக்கேற்ற நிறம் உண்டு. பெருவிழாக்களுக்கு வெள்ளை, தவக் காலத்துக்கு ஊதா, சாதாரண நாட்களுக்குப் பச்சை, உதிரம் சிந்தி உயிர் நீத்தவர்களின் நாட்களுக்குச் சிவப்பு. டிசம்பர் 28ஆம் தேதி மாசில்லாக் குழந்தைகள் திருநாள். அந்தக் குழந்தைகள் யார் என்றால், ஏரோது மன்னன் வெட்டச் சொன்ன பெத்லகேம் குழந்தைகளேதான். அவர்களுக்காகக் குருவானவர் அணிந்து வந்த அங்கியை நாம் அவர்களைக் கொன்றவனுக்கு உடுத்தி மேடையேற்றியிருந்தோம். எம்.ஏ., பி.எட். என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் நமக்கு இது தோன்றவில்லை. சனிக்கிழமைதோறும் பலிபீடத் துணிகளைத் துவைத்து வந்த அந்த அம்மாளுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது.

டிசம்பர் 28ஆம் தேதி காலைப் பூசைக்குப் போயிருந்தோம். சுவாமியார் புதிதாக வாங்கிய வேறொரு சிவப்பு அங்கியில் வந்தார். பூசை முழுவதும் நமக்குத் தலை நிமிரவில்லை.

* * *

பூசை முடிந்ததும் பங்குச் சுவாமியாரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். தேய்ந்துபோன திருவுடைகளை என்ன செய்ய வேண்டும் என்று சட்டம் ஏதும் உண்டா என்று கேட்டோம்.

உண்டு என்றார். 1983ஆம் ஆண்டு வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1171ஆம் பிரிவு, வழிபாட்டுக்கென்று மந்திரிக்கப்பட்ட பொருள்களைப் பயபக்தியுடன் நடத்த வேண்டும், உலகக் காரியங்களுக்கோ தகாத காரியங்களுக்கோ பயன்படுத்தலாகாது என்கிறது. அப்பொருள்கள் தனி மனிதர் ஒருவரின் சொந்த உடைமையாயிருந்தாலும் விதி அதுதான்.

“அப்படியானால் நாங்கள் செய்தது குற்றம்தானே?” என்றோம்.

“அலமாரியின் அடித்தட்டைப் பல வருஷமாகக் குனிந்து பார்க்காத என்னிடமிருந்து குற்றத்தை ஆரம்பியுங்கள்” என்று சிரித்தார் அவர்.

அவர் சொல்லியும், பிறகு நாமே தேடியும் அறிந்துகொண்டவற்றில் சில வெகு பழைமையானவை. 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் கிராஷியன் என்ற துறவி தொகுத்த திருச்சபைச் சட்டத் திரட்டிலேயே இதற்கு விதி இருக்கிறது. பலிபீடத் துணி, விளக்குத் தண்டு, திரை முதலியன பழசாகி நைந்தால் அவற்றை நெருப்பில் இட வேண்டும். சாம்பலை ஞானஸ்நானத் தொட்டி இருக்கும் இடத்திலோ, சுவருக்குள்ளோ, தளத்தின் அடியிலுள்ள குழியிலோ சேர்க்க வேண்டும். காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது: உள்ளே வருகிறவர்களின் கால்களில் அந்தச் சாம்பல் மிதிபடக் கூடாதாம்.

துவைப்பதற்கும் முறை உண்டு. நற்கருணை அப்பத்தின் துகள் விழக்கூடிய சதுரத் துகிலையும், பாத்திரத்தைத் துடைக்கும் சிறு துகிலையும் முதலில் அலசிய நீரைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. நேரே மண்ணுக்குள் இறங்குமாறு கட்டிய தனித் தொட்டியிலோ, தகுந்த இடத்தில் நிலத்திலோதான் ஊற்ற வேண்டும். 2004ஆம் ஆண்டு ரோமாபுரியிலிருந்து வந்த அறிவுரையொன்றும் இதையே மறுபடியும் வலியுறுத்துகிறது.

இதை அந்த அம்மாளிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “முதல் தண்ணீர் வேப்ப மரத்துக்கு, இரண்டாம் தண்ணீரில்தான் சோப்பு. இது என் மாமியார் சொல்லிக் கொடுத்தது” என்றார். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, நம் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் லாரிக்குக் குடங்கள் வரிசை கட்டி நின்றபோதும், அந்த முதல் செம்பு நீரை அவர் மரத்தடிக்கே கொண்டுபோனாராம். ஒரு வருத்தத்தை மட்டும் சொன்னார். வாகனங்கள் நிற்பதற்காகக் கோயில் வளாகம் முழுவதும் சிமெண்டுக் கற்கள் பதித்துவிட்டார்கள். மண் தெரியும் இடம் அந்த வேப்ப மரத்தைச் சுற்றி இரண்டு முழம்தான் மீதியாம்.

நம் ஊர்ப் பக்கத்துப் பரங்கிமலைக்கு நேயர்களில் பலர் போயிருப்பீர்கள். மலை உச்சியில் 1523-ல் போர்த்துகீசியர் கட்டிய கோயிலும், அங்கே 1547-ல் கண்டெடுத்த பஹ்லவி எழுத்துக்கள் பொறித்த கற்சிலுவையும் இன்றும் இருக்கின்றன. கல்லைக் காணத் தூரதேசத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் வருகிறார்கள். ஆனால் இந்த ஐந்நூறு வருஷத்தில் அந்தப் பீடத்தின்மீது எத்தனை துணிகள் விரிக்கப்பட்டிருக்கும்! அவற்றை யாரோ நெய்தார்கள், யாரோ துவைத்தார்கள், கிழிந்த இடத்தை யாரோ தைத்தார்கள், ஒரு நாள் யாரோ எரித்தார்கள். அந்தக் கைகளுக்குக் கல்வெட்டு இல்லை.

* * *

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஆசிரியர் அறையில் இந்தப் பிரஸ்தாபம் எழுந்தது. தமிழாசிரியர், கோயிலில் சுவாமிக்குச் சாத்திய வஸ்திரத்தைப் பரிவட்டமாகத் தலையில் கட்டி மரியாதை செய்வதைச் சொன்னார். அம்மனுக்குச் சாத்திய புடவையை ஏலத்தில் எடுத்து, மகள் கல்யாணத்துக்கென்று பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் அவருக்குத் தெரியும். கணித ஆசிரியர் முஸ்லிம் அன்பர். மக்காவில் கஃபாவின்மீது போர்த்திய கறுப்புத் துணியை ஆண்டுக்கொரு முறை மாற்றுகிறார்கள் என்றும், பழையதைத் துண்டுகளாக்கிப் பகிர்ந்து கொடுப்பது வழக்கம் என்றும், கிழிந்த குர்ஆன் ஏடுகளைக் காலடி படாத இடத்தில் புதைப்பார்கள் என்றும் சொன்னார். எரிப்பது, புதைப்பது, பகிர்வது என்று வழிகள் வெவ்வேறு. காலில் மிதிபடக் கூடாது என்ற ஒன்றில் மட்டும் எல்லோருக்கும் ஒரே எண்ணம்.

அப்போது விஞ்ஞான ஆசிரியை ஒரு கேள்வி போட்டார். “இத்தனை ஏழைகள் உள்ள நாட்டில் துணியை ஏன் எரிக்க வேண்டும்? யாருக்காவது கொடுத்தால் என்ன?”

நாம் சரித்திரம் கற்பிப்பவர். இந்தக் கேள்வியை நம் தேசம் ஒரு முறை வெகு தீவிரமாகக் கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. 1921 ஜூலை 31ஆம் தேதி பம்பாய்ப் பரேலில் காந்தியடிகள் அந்நியத் துணிக் குவியலுக்குத் தீ மூட்டினார். அவருடைய அத்தியந்த நண்பரும் கிறிஸ்தவக் குருவாக இந்தியாவுக்கு வந்தவருமான சி. எப். ஆண்ட்ரூஸுக்கு அது பொறுக்கவில்லை. மனிதர்கள் பாடுபட்டு நெய்த வேலைப்பாட்டை எரிக்கலாமா என்று வேதனையுடன் காந்திஜிக்கு எழுதினார். கவி தாகூருக்கும் அந்த எரிப்பு உடன்பாடில்லை. காந்திஜி இருவருக்கும் தம் பத்திரிகையில் விடை எழுதினார். தாகூருக்கு எழுதிய விடையின் சாரம் இது: ஏழைக்கு வேண்டியது வேலை, அவனுக்குத் தேவையில்லாத உடையைத் தூக்கிப் போடுவது அவனை அவமதிப்பதாகும். அதே ஆண்டு செப்டம்பரில் மதுரையில் அவர் தம் உடையையே முழத் துண்டாகக் குறைத்துக்கொண்டார்.

இருவரில் யார் சொன்னது சரி என்று மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பார்கள். இரு பக்கமும் எழுதினால் முழு மதிப்பெண் என்று சொல்லித் தப்பித்து வந்தோம். இப்போது அந்தக் கேள்வி வீடு தேடி வந்துவிட்டது.

காந்திஜியின் வாதத்தின் பாதியை நாம் கண்ணாலேயே கண்டிருக்கிறோம். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. நாலாபக்கமிருந்தும் உதவி வந்தது. அதை மறக்க முடியாது. ஆனால் வந்த மூட்டைகளைப் பிரித்தபோது கிழிந்த மேற்சட்டைகளும் பித்தானில்லாத சட்டைகளும் கறை படிந்த விரிப்புகளும் எத்தனை! வெள்ளத்தில் சகலமும் இழந்தவர்கள் அவற்றைத் தொடவில்லை. நீர் வடிந்த பிறகு அந்தத் துணிகள் சாலையோரத்தில் சேற்றோடு சேறாகக் கிடந்தன. நமக்கு வேண்டாததை மூட்டை கட்டினால் அதற்குத் தானம் என்று பெயர் வந்துவிடுகிறது. கொடுத்தவருக்கு அலமாரி காலியாயிற்று. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஆண்ட்ரூஸின் கட்சியும் பொய்யல்ல. சிவப்பு அங்கியின் தோளில் இருந்த ஒட்டை நாம் பார்த்துவிட்டோமே! ஒருவருடைய கல்யாணப் புடவை நூல் அதில் ஓடுகிறது. அப்படிப்பட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு தீயில் எறியவும் மனம் வருமா?

* * *

தவக் காலம் தொடங்குவதற்கு முன் அலமாரியை ஒழுங்கு செய்துவிட வேண்டும் என்று சுவாமியார் அநுமதி கொடுத்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோயில்பிள்ளையும், அந்த அம்மாளும், பரிகாரம் தேடும் நாமும் கூடினோம். அந்துருண்டை வாசனையில் தும்மிக்கொண்டே வெளியே எடுத்துப் போட்டோம். பீடத் துணிகள், வெள்ளை நீளங்கிகள், கழுத்துப் பட்டைகள், மேலங்கிகள் எல்லாம் சேர்ந்து அறுபதுக்கு மேல் இருந்தன.

அம்மாள் மூன்று குவியலாகப் பிரித்தார். தைத்தால் பீடத்துக்கே திரும்பக் கூடியவை ஒன்று. பீடத்துக்கு உதவாவிட்டாலும் கோயிலுக்குள் வேறு விதமாக உதவக் கூடியவை இரண்டாவது. ஒன்றுக்கும் உதவாதவை மூன்றாவது. பெரிய பீடத் துணி நடுவில் கிழிந்திருந்தால் ஓரங்கள் நன்றாக இருக்கும். அவற்றை வெட்டி மடித்துத் தைத்தால் சிறிய துகில்கள் நான்கு கிடைக்கும். அங்கி நைந்தாலும் அதன் சரிகைப் பட்டை நைவதில்லை. பிரித்துப் புது அங்கியில் வைத்துத் தைக்கலாம். இரண்டு தலைமுறையாக வீட்டுக் குழந்தைகளின் சட்டைகளை மூத்ததிலிருந்து இளையதற்கு மாற்றித் தைத்த கைக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

மூன்றாம் குவியலில்தான் சிக்கல் வந்தது. எரிக்கலாம் என்று நாம் சொன்னதும் அவர் தலையசைத்தார். ஒவ்வொரு துணியின் ஓரத்திலிருந்தும் ஒரு நூலை இழுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். பருத்தி நூல் காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாயிற்று. பட்டு நூல் தலைமயிர் கருகுவதுபோல் நாறி, விரலால் நசுக்கினால் பொடியாயிற்று. மூன்றாவது வகை நூல் எரியவில்லை. சுருங்கி, உருகி, கறுத்த மணியாகத் திரண்டு நின்றது. ஆறிய பின் நசுக்கினாலும் உடையவில்லை.

“இது சாம்பலாகாத துணி, தம்பி” என்றார்.

பழைய அங்கிகளெல்லாம் பட்டும் பருத்தியும். அண்மைக் காலத்தில் கடையில் வாங்கியவையெல்லாம் பாலியெஸ்டர். இயந்திரத்தில் பூவேலை செய்தவை. விலை மலிவு, துவைக்க எளிது, கசங்குவதில்லை. வாங்கும்போது இவ்வளவு சௌகரியம். ஆனால் திருச்சபையின் பழைய விதி அவற்றின் விஷயத்தில் பலிப்பதில்லை. எரித்தால் சாம்பலாகாமல் உருகிச் சொட்டி, நெஞ்சை அடைக்கும் புகையைக் கக்கும். புதைத்தால் எத்தனை காலமானாலும் மண்ணோடு மண்ணாகாது.

அந்தப் புகையைப் பற்றி நம் பிரதேசத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போகிப் பண்டிகையன்று பழையன கழிதல் என்று நம் முன்னோர் கோரைப் பாயையும் வைக்கோலையும் எரித்தார்கள். நாம் டயரையும் பிளாஸ்டிக்கையும் எரித்தோம். 2018ஆம் ஆண்டு போகியன்று மீனம்பாக்கத்தில் பனியும் புகையும் சேர்ந்து, விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. எரிக்கும் பொருள் மாறிவிட்டால் பழைய சடங்கும் வேறாகிவிடுகிறது.

இதே சிக்கலைப் பள்ளிக்கூடத்திலும் நாம் சந்தித்ததுண்டு. 2002ஆம் ஆண்டுத் தேசியக் கொடி விதித் தொகுப்பில், சேதமடைந்த கொடியை அதன் கௌரவத்துக்குக் குறைவு வராமல், தனியிடத்தில், முழுமையாக அழிக்க வேண்டும், எரிப்பது உசிதம் என்று கண்டிருக்கிறது. அந்நாளில் கொடி என்றால் கையால் நூற்றுக் கையால் நெய்த கதர். பருத்தியோ கம்பளியோ பட்டோ, எதுவாயினும் சாம்பலாகும். 2021 டிசம்பர் 30ஆம் தேதி விதியைத் திருத்தி, இயந்திரத்தில் செய்ததையும் பாலியெஸ்டரையும் அநுமதித்தார்கள். மறு ஆண்டு சுதந்திர தினத்தின் எழுபத்தைந்தாவது நிறைவின்போது நம் தெருவில் வீட்டுக்கு வீடு கொடி பறந்தது. கண்கொள்ளாக் காட்சிதான். செப்டம்பர் மாதத்தில் மாணவர்களைக் கொண்டு கிழிந்த கொடிகளைச் சேகரித்தோம். ஒரு கோணிப்பை நிறைந்தது. எரிக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. அந்தக் கோணிப்பை இன்றும் நம் பள்ளியின் விஞ்ஞானக்கூட அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

பீடத்தின் துணியாகட்டும், தேசத்தின் கொடியாகட்டும், ஒன்றை மந்திரிக்கும் நாளிலும் ஏற்றும் நாளிலும் மரியாதை தானாக வந்துவிடுகிறது. பாட்டு உண்டு, மணி உண்டு, கூட்டம் உண்டு. மரியாதைக்குச் சோதனை அது நைந்து போகும் நாளில்தான். அன்று பக்கத்தில் இருப்பவர்கள் கோயில்பிள்ளையும் துவைக்கிற அம்மாளும் பள்ளிக்கூடத்துச் சேவகரும்தான். அவர்கள் கௌரவமாக வழியனுப்பக் கூடிய பொருளாக அதை வாங்கினோமா என்பதே கேள்வி. வாங்குகிறவர்கள் இதை யோசிக்காவிட்டால், அந்தப் பாரம் முழுவதும் கடைசியில் கையில் பிடித்திருப்பவர்மேல் விழுகிறது.

* * *

மூன்றாம் குவியலிலிருந்த பாலியெஸ்டர் உடைகளை என்ன செய்தோம் என்று நேயர்கள் கேட்கலாம். சிலுவைகளையும் பூவேலைகளையும் அம்மாள் கத்தரித்து எடுத்தார். புதுப் பருத்தித் துணியில் அவை மறு வாழ்வு பெற்றன. மிச்சம் அங்கி என்ற உருவமே இல்லாத வெறும் துணியாயிற்று. பாடகர் குழுவின் ஆர்மோனியத்துக்கு உறையாகவும், முழந்தாளிடும் மெத்தைகளுக்கு உள்திணிப்பாகவும் அது கோயிலுக்குள்ளேயே தங்கிவிட்டது. நல்ல நிலையில் இருந்த சில அங்கிகளை, செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமக் கோயில் ஒன்றுக்குக் கொடுக்கலாமென்று சுவாமியார் நினைத்தார். வேண்டுமா என்று முதலில் கேட்டு எழுதி, வேண்டும் என்று பதில் வந்த பிறகே, துவைத்துத் தேய்த்து அனுப்பினோம். வெள்ளத்தில் கற்ற பாடம் அது.

இனிமேல் கோயிலுக்குக் காணிக்கையாகத் திருவுடை தருகிறவர்கள் பருத்தியோ பட்டோ தர வேண்டுமென்று சுவாமியார் பூசையில் அறிவித்தார். இது புதிய புரட்சியொன்றும் அல்ல. 1969 ஏப்ரல் 25ஆம் தேதி ரோமாபுரி இந்திய ஆயர்களுக்கு அளித்த அநுமதிகளில், மேல்நாட்டுப் பாணியில் அடுக்கடுக்காக அணியும் உடைகளுக்குப் பதில், எளிய நீளங்கியும் தோளில் அங்கவஸ்திரமும் அணியலாம் என்பதும் ஒன்று. நம் நாட்டு நெசவாளர் நெய்த ஒரு கைத்தறி அங்கவஸ்திரத்துக்கு எந்தப் பீடத்திலும் நிற்கும் தகுதி உண்டு. தன் காலம் முடிந்ததும் இரண்டு பிடி சாம்பலாகி ஒரு மரத்தடியில் அடங்கும் குணமும் அதற்கு உண்டு.

விபூதிப் புதனுக்கு முந்தின நாள் மாலை, சென்ற ஆண்டுக் குருத்தோலைகளை எரித்துச் சாம்பல் எடுப்பது வழக்கம். மறுநாள் அந்தச் சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். அன்று ஓலைகளை எரித்த பிறகு, பக்கத்தில் தனியாக ஓர் இரும்புச் சட்டியில் நைந்த துணிகளை ஒவ்வொன்றாக இட்டோம். சுவாமியார் ஒரு சிறு ஜெபம் சொன்னார். கடைசியில் அந்தச் சிவப்பு அங்கி வந்தது. அதைத் தைத்துக் காப்பாற்ற முடியாது என்று அம்மாளே தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஊசி குத்தினால் பட்டு பொடிப்பொடியாக உதிர்ந்தது. சரிகைச் சிலுவையை மட்டும் முன்பே பிரித்து வைத்துக்கொண்டோம்.

தோளிலிருந்த ஒட்டை அவர் தமக்கென்று எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்து, நாம் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம்.

“அதை வைத்துக்கொள்ளுங்களேன் அம்மா. உங்கள் கல்யாணப் புடவை நூலாயிற்றே” என்றோம்.

“கொடுத்ததைத் திரும்ப வாங்குவார்களா, தம்பி? அதுவும் அதோடு போகட்டும்” என்று சொல்லி, அங்கியை ஒரு குழந்தையின் சட்டையை மடிப்பதுபோல் மடித்து, தம் கையாலேயே சட்டியில் வைத்தார்.

பட்டு எரிய அதிக நேரம் ஆகவில்லை. சாம்பல் ஆறியதும் வேப்ப மரத்தடியில், சிமெண்டுக் கற்கள் மிச்சம் வைத்திருந்த இரண்டு முழ மண்ணில், குழி தோண்டிப் புதைத்தோம். செம்பு நீரை ஊற்றியதும் அவர்தான். அதைத் தோண்டும்போது கோயில்பிள்ளை, மரத்தைச் சுற்றி இன்னும் இரண்டு வரிசைக் கற்களைப் பெயர்த்துவிட்டால் என்ன என்று கேட்டார். சுவாமியார் சரி என்றார். இப்போது அங்கே மண் நான்கு முழம் ஆகியிருக்கிறது. இந்த விவகாரத்தில் கிடைத்த லாபங்களில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நாடகப் பொறுப்பு இவ்வாண்டும் நம்மை விட்டபாடில்லை. ஏரோது மன்னனுக்கு அங்கி வேண்டுமே என்று மாணவர்கள் கேட்டார்கள். நம் வீட்டுக் கூடத்தின் ஜன்னலில் பல வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த சிவப்புத் திரை ஞாபகத்துக்கு வந்தது. இல்லத்தரசியிடம் அநுமதி கேட்டோம். அவர் அதன் ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து, அடுப்பில் காட்டிப் பார்த்துவிட்டு, “எடுத்துக்கொள்ளுங்கள். இது சாம்பலாகாது. ஏரோதுக்கு இதுதான் பொருத்தம்” என்றார்.